வராது என்கிற வண்டிக்காரர்

மரக்காணத்தில் எழுபதுகளில் வீடு மாற்றியவர்கள் யாரும் முழுசாக மாற்றியதில்லை. பாதி வீடு புது ஊருக்குப் போய்ச் சேரும். மீதிப் பாதி பழைய வீட்டிலேயே தங்கிவிடும். புயல், வெள்ளம், திருட்டு எதுவும் இதற்குக் காரணமில்லை. காரணம் ஒரே ஒரு மாட்டுவண்டிக்காரர். ரேஷன் கார்டில் அவருக்கு என்ன பெயரோ, எனக்குத் தெரியாது. ஊருக்குள் அவர் பெயர் ‘வராது’.

வீடு காலி செய்கிறவர் வாசலில் நின்றுகொண்டு, "வராது இன்னும் வரலையா?" என்று கேட்பார். "வராது வந்துக்கினே இருக்காரு" என்று பதில் வரும். புதிதாக ஊருக்கு வந்த போஸ்ட்மேன் ஒருவர் இந்தப் பேச்சைக் கேட்டு மிரண்டுபோய், தனக்கு இந்த ஊர் பாஷை புரியவில்லை, மாற்றல் வேண்டும் என்று எழுதிப்போட்டதாகச் சொல்வார்கள்.

பெயர் வந்த கதை சுலபமானது. எந்தச் சாமானைக் காட்டி, "இதையும் ஏத்தணும்" என்றாலும் அவர் ஒரு நிமிஷம் அதையே பார்ப்பார். தலையை இடப்பக்கமாகச் சாய்ப்பார். "இது வராதுங்க" என்பார். வண்டியில் இடமில்லை, மாட்டுக்குப் பாரம் தாங்காது என்றெல்லாம் சாக்குச் சொல்லமாட்டார். அந்தச் சாமானே அவர் காதில் ‘நான் வரலை’ என்று சொல்லிவிட்ட மாதிரி, நமக்கு அதை எடுத்துச் சொல்கிற தோரணையில்தான் சொல்வார்.

அப்படியானால் வேறு வண்டியைப் பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நீங்கள் மரக்காணத்தில் குடியிருந்ததில்லை. தை மாதம் தொடங்கினால் ஊரில் உள்ள அத்தனை வண்டிகளும் உப்பு ஏற்றப் போய்விடும். கல்யாணத்துக்குக்கூட வண்டி கிடைக்காது. ஐப்பசியில் மழை பிடித்து, உப்பளமெல்லாம் கடல் மாதிரி நிரம்பிய பிறகுதான் வண்டிகள் சும்மா நிற்கும். அப்போது பார்த்தால் ரோடு இருக்காது. வண்டி இருக்கிற காலத்தில் ரோடு இல்லை, ரோடு இருக்கிற காலத்தில் வண்டி இல்லை. இதற்கு நடுவில்தான் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு மாற்றல் வரும், கார்த்திகை மாதமாகப் பார்த்து.

வெளியூர்க்காரர்கள் குளிர்காலம் என்றால் பனி, போர்வை, சுக்குக் காப்பி என்று நினைப்பார்கள். எங்கள் ஊர்க் குளிர்காலம் முழுக்கத் தண்ணீரால் ஆனது. மேலே மழை, கீழே வெள்ளம், நடுவில் கடலிலிருந்து வருகிற காற்று. துவைத்த வேட்டி ஏழு நாள் ஆனாலும் காயாது. தீப்பெட்டி பற்றாது. நாட்டுக்கே உப்பு அனுப்புகிற ஊரில், சமையலறை ஜாடியில் வைத்த உப்பு தண்ணீராகி வழியும். அந்தக் காலத்தில் மற்ற வண்டிக்காரர்கள் டீக்கடை பெஞ்சை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள். எழுந்து வருகிற ஒரே ஆள் வராதுதான். எனவே அவர் சொன்னது சட்டம்.

வீடு மாற்றுவதற்கு முன்னால் அவர் ‘பார்வை’க்கு வருவார். பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டார்கூட அவ்வளவு மிடுக்காக வரமாட்டார்கள். கோணிப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஈர்க்குச்சி மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு, கலெக்டர் போல நுழைவார். கூடத்தின் நடுவில் நாற்காலி போடவேண்டும். டீ கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்கமாட்டார். சாமான்கள்தான் ஒவ்வொன்றாக அவர் முன்னால் ஆஜராகவேண்டும். தூக்கிவந்து காட்டுவது அவர் மனைவி அஞ்சலை. கோடை முழுக்க உப்பளத்தில் கூடை சுமக்கிறவள். ஆட்டுரலைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். அவளுக்கு ஒத்தாசையாக அவள் தம்பி ஏழுமலை. முப்பது வயசு ஆள், எருமை பலம். வீட்டில் பேசவேண்டியதையெல்லாம் மாமனே பேசிவிடுவதால் அவனுக்குப் பேச்சு என்பதே மறந்துபோயிருந்தது.

வராது மட்டும் ஒரு சொம்பைக்கூடத் தொட்டுத் தூக்கியதில்லை. ஒருமுறை நானே கேட்டேன். "தூக்கறவனுக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியாதுங்க சார். பாக்கறதுக்குன்னு ஒருத்தன் வேணும்" என்றார்.

பீரோவுக்கு அடியிலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. "இருவது வருசமா பாத்துக்கினேதான் இருக்குது. கண்ணு வலிக்குதுன்னு வேற சொல்லுது."

ரெவின்யூவில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மகன் வீட்டுக்குக் குடிபோனார். அவர் வீட்டுக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு போட்டோ. கோட்டு, தலைப்பாகை, கையில் தடி. வராது பார்த்தார். தலையைச் சாய்த்தார்.

"இவரு வராதுங்க."

"யோவ், அது நான்தான்யா."

"தெரியுதுங்க. அதான் நீங்க நேர்லயே போறீங்களே. இன்னொண்ணு எதுக்கு?"

அதிகாரியின் மனைவி முப்பத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போட்டோ அங்கேயே நின்றது. அடுத்துக் குடிவந்தவர்கள் அதன் மேல் கயிறு கட்டித் துணி காயப்போட்டார்கள்.

இன்னொருவர் குவைத் பாய். குவைத்தில் நாலு வருஷம் சம்பாதித்துக்கொண்டு வந்தவர், கழுவெளி ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த மாமியார் ஊரில் வீடு கட்டிக்கொண்டு போனார். அவரிடம் ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தது. ஊரே வந்து திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போகும் ஃப்ரிட்ஜ்.

"அந்த ஊர்ல கரண்ட் இருக்குதுங்களா பாய்?" என்று வராது கேட்டார்.

"வந்துரும்."

"அது வந்தப்புறம் இது வரும். இப்ப வராது."

"ஏம்பா, குவைத்துலேர்ந்து பம்பாய்க்குக் கப்பல்ல வந்துச்சு. பம்பாய்லேர்ந்து ரயில்ல வந்துச்சு. உன் வண்டியில வராதா?"

"கப்பலு பெருசுங்க."

பாய் கோபத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போனார். அடுத்து அந்த வீட்டுக்குக் குடிவந்தது நாங்கள்தான். வீட்டில் கரண்ட் இருந்தது. ஆனால் குவைத் பிளக்கின் பட்டைக் கால்கள் நம்மூர் ஓட்டைக்குள் நுழையவில்லை. என் மனைவி சரோஜா அதில் புளியும் கருப்பட்டியும் வைத்தாள். எறும்பு ஏறாது என்று ஃப்ரிட்ஜுக்கு நல்ல பெயர். வீட்டுக்கார அம்மாள் இந்த மாதிரி மிஞ்சிய சாமான்களைச் சேர்த்து வைத்தே வாடகையை ஏற்றிக்கொண்டு போனாள். வராது ‘பார்வை’க்கு வரும்போதெல்லாம் அவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்று, அவர் ஒவ்வொரு முறை ‘வராது’ என்று சொல்லும்போதும், "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பாள்.

இனி எங்கள் கதை.

நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சரோஜா நர்ஸ் பயிற்சி முடித்துவிட்டு மூன்று வருஷமாக வேலைக்குக் காத்திருந்தாள். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் கையில் இருக்கிற கரண்டியோடு வாசலுக்கு ஓடுவாள். அந்தக் கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மழையில் ஊறிப்போன கவரில் ஆர்டர் வந்தது. கிளியனூர் ஆரம்ப சுகாதார நிலையம். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் வேலையில் சேரவேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

கிளியனூரில் குடியிருந்து நான் தினமும் பஸ்ஸில் வந்துபோவதாக முடிவு. அன்றைக்கே பள்ளிக்கூடத்தில் விஷயம் பரவியது. "பொண்டாட்டி வேலைக்காக வீடு மாத்தற முதல் வாத்தியார் நீர்தான்" என்றார் கணக்கு வாத்தியார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து நானும் கொஞ்சம் யோசிப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சரோஜா என்னைத் தாண்டிப் போய் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை காலை பஸ் நின்றுவிட்டது. வழியெல்லாம் தண்ணீர். வராதுக்கு ஆள் அனுப்பினேன். அன்றைக்கே பார்வைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, டீயை ஊதிக் குடித்துவிட்டு, ஆர்டரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அம்மாவ மட்டும் கொண்டு போய் வுட்டுடலாம் சார். சாமானு மழை வுட்டப்புறம் போவட்டும்."

நியாயமான யோசனை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. பெண்டாட்டியை முன்னால் அனுப்பிவிட்டுச் சட்டி பானையோடு பின்னால் போகிறவன் என்று கணக்கு வாத்தியார் சொல்வார். "போற வண்டி வெறும் வண்டியா எதுக்குப் போவணும்? எல்லாத்தையும் ஏத்துங்க" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பார்வை தொடங்கியது. என் ஈஸிசேர் வராது. தையல் மிஷின் வராது. தேக்குக் கட்டில் வராது. மாமனார் சீராகக் கொடுத்த பீரோ வந்து நின்றது.

"வராதுங்க. உப்புக்காத்துல கால் நாலும் துருப்புடிச்சிப் போச்சி. வழியில வண்டி ஒரு குலுக்கு குலுக்குச்சின்னா பீரோ தனியா வரும், காலு தனியா வரும்."

கடைசியாக என் ஓவியம். எட்டடிக்கு ஆறடி, கெட்டிக் கித்தானில் எனாமல் பெயிண்டால் வரைந்த இமயமலை. திண்டிவனத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் பின்திரையாக வரைந்தது. அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் இமயமலையைப் பார்த்ததில்லை. உப்பளத்தில் குவித்து வைத்திருந்த அம்பாரங்களைப் பார்த்துத்தான் வரைந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

வராது வெகுநேரம் பார்த்தார். "உப்பு நல்லா வெளஞ்சிருக்குது" என்றார்.

"அது பனிமலை."

"அப்படிங்களா. வராதுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியைப் பேசினவன் நான், பீரோவும் படமும் வந்தே ஆகவேண்டும் என்று கத்தினேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. இனிமேல் எது வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நோயாளியிடம் டாக்டர் சொல்கிற குரலில், "ஏத்திக்குங்க சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். அஞ்சலையும் ஏழுமலையும் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். இரண்டு பக்கமும் உப்பளங்கள் பாத்தி தெரியாமல் வெள்ளமாகக் கிடந்தன. காற்று பக்கவாட்டில் அடித்தது. பாத்திரமும் டிரங்குப் பெட்டியும் நனைய ஆரம்பித்ததும் வராது வண்டியை நிறுத்தினார். என் இமயமலையை இழுத்துச் சாமான்கள் மேல் விரித்து, நாலு மூலையிலும் கயிறு போட்டுக் கட்டச் சொன்னார். சரோஜா அதற்கு அடியில் போய் உட்கார்ந்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"வராதுன்னு சொன்னீங்களே" என்றேன். விடுவேனா?

"படமா வராதுன்னேன் சார். படுதாவா வருது."

மாடுகளிடம் மட்டும் அவருக்கு மரியாதை அதிகம். மனிதர்களிடம் காட்டாததையெல்லாம் அங்கே காட்டுவார். "பெரியவரே, கொஞ்சம் இடப்பக்கம் வாங்க. சின்னவரே, அவரு கூடவே போங்க" என்று கெஞ்சிக்கொண்டே வருவார். நான் ஒரு தரம், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். "பேசாம வாங்க" என்று எனக்குப் பதில் வந்தது.

கழுவெளி பக்கம் தரைப்பாலத்துக்கு வந்தபோது மணி ஒன்பதோ பத்தோ இருக்கும். பாலம் இருந்த இடத்தில் பாலம் இல்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டோரக் கற்களின் தலை மட்டும் அங்கங்கே தெரிந்தது.

வராது வண்டியை விட்டு இறங்கினார். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போனார். முழங்கால், தொடை, இடுப்பு. பாதி தூரம் போய்த் திரும்பி வந்தார். பெரியவரின் கழுத்தைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"வண்டி வராது சார்."

"அப்ப திரும்பிடலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் சரோஜாவைப் பார்த்தேன். அவள் கித்தானுக்கு அடியிலிருந்து இறங்கி ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஆர்டரைப் பாலிதீன் பையில் சுற்றி மாரோடு அணைத்திருந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்துத் தபால்காரர்கள் எல்லாரும் அந்தத் தண்ணீரில் சைக்கிளோடு போகிற மாதிரி.

வராது அவளைப் பார்த்தார். தலையை இடப்பக்கமாகச் சாய்த்தார். பெண்டாட்டியையுமா கழித்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"அம்மா வருவாங்க" என்றார். அவளிடம், "நீச்சல் தெரியும்ங்களா?" என்று கேட்டார்.

"கடலோரக் குப்பத்துல பொறந்தவ நான்" என்றாள் சரோஜா.

"அப்ப வாங்க. மாட்டைப் புடிச்சிக்கினு நடந்தா இடுப்புக்கு மேல வராது."

நான் செருப்பைக் கழற்றினேன். "உங்களுக்கு நீச்சல் தெரியுமா சார்?" என்றார். நான் ஆற்காட்டுக்காரன். கிணற்றை எட்டிப் பார்த்தாலே கிறுகிறுப்பு வரும். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப நீங்க வராது" என்றார் வராது. "சாமானுக்குன்னு ஒருத்தர் வேணும். ஏழுமலை தொணைக்கு இருப்பான்."

என்னை அவர் அஃறிணையில் சேர்த்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. சரோஜா கவனித்திருந்தாள். இன்றுவரை வீட்டில் சொல்லிக் காட்டுகிறாள்.

மேட்டில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில் இருந்தது. அதன் மண்டபத்தில் சாமான்களை இறக்கினார்கள். பீரோ தனியாக இறங்கியது, கால்கள் தனியாக இறங்கின. அஞ்சலை கால்களைப் பொறுக்கிப் பீரோவின் மேலேயே அடுக்கினாள், அதுதான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது. மாடுகளை அவிழ்த்து முன்னால் விட்டார்கள். மாட்டுக்கு ரோடு எங்கே முடிகிறது என்று காலில் தெரியும். சரோஜா பெரியவரின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அஞ்சலை டிரங்குப் பெட்டியைத் தூக்கக் குனிந்தாள்.

"நீ அம்மாவப் புடிச்சிக்கோ" என்றார் வராது. குனிந்து, பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

அஞ்சலை அப்படியே நின்றுவிட்டாள். ஏழுமலையின் வாய் திறந்தது. அந்த ஆள் ஏதாவது பேசுவான் என்று நான் எதிர்பார்த்த ஒரே நேரம் அது. பேசவில்லை.

"இன்னா பாக்கறீங்க? நேரமாவுது" என்று சொல்லிவிட்டு வராது தண்ணீரில் இறங்கினார்.

நான் கரையில் நின்று பார்த்தேன். நடுவில் ஓரிடத்தில் சரோஜாவுக்குக் கால் வழுக்கியது. தோள் வரைக்கும் தண்ணீருக்குள் போனாள். ஆர்டர் இருந்த கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. நான் ஏதோ கத்தினேன். காற்றில் அது எனக்கே கேட்கவில்லை. பெரியவர் நின்றார். அஞ்சலை அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்து நிமிர்த்தினாள். வராது பெட்டியோடு திரும்பி, அவள் இரண்டு காலும் ஊன்றி நிற்கும் வரைக்கும் அசையாமல் நின்றார். பிறகு நடந்தார்கள். அந்தக் கரையில் ஏறியதும் அவர் இந்தப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். போய் உட்காருங்க என்பது போல இருந்தது. உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு அங்கே நான் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏழுமலை தூங்கினான். நான் கால் இல்லாத பீரோவின் மேல் உட்கார்ந்திருந்தேன். மண்டபத்துக்குச் சாரல் அடிக்காமல் இமயமலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். வலை வீச வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பீரோவையும் சேர்த்துக் கும்பிட்டார்.

திங்கட்கிழமை மூன்று மணி வாக்கில் அக்கரையில் மாடுகள் தெரிந்தன. தண்ணீர் கொஞ்சம் வடிந்திருந்தது. வராதும் அஞ்சலையும் மாடுகளோடு ஏறி வந்தார்கள். வராது முதலில் சின்னவரின் காலைத் துடைத்துவிட்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"பதினோரு மணிக்கு அம்மா கையெழுத்துப் போட்டாங்க சார்."

சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாதே என்று, "பெட்டி நனைஞ்சிதா?" என்று கேட்டேன். என் கையில் ஒரு தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பதில் சொல்லத் தகுந்த கேள்வி என்று அவருக்குப் படவில்லை.

அக்கரையில் நடந்ததைப் பிறகு சரோஜா சொன்னாள். நனைந்த துணியோடு நாலு மைல் நடந்து ஓர் ஊருக்குப் போயிருக்கிறார்கள். வராதுக்கு அங்கே தெரிந்த ஒரே வீடு குவைத் பாய் வீடு. கதவைத் தட்டியதும் பாயே வந்து திறந்தார். பெண்கள் இருவரையும் உள்ளே அழைத்துக்கொண்டு, வராதை மட்டும் கையால் மறித்தார்.

"கரண்ட் வந்து ஆறு மாசம் ஆச்சி. என் ஃப்ரிட்ஜ் எங்கப்பா?"

"வருங்க பாய்."

"அது வரட்டும். அப்புறம் நீ உள்ள வரலாம்."

அந்த மனிதர் தாழ்வாரத்திலேயே கோணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சரோஜாவுக்குப் பாய் வீட்டுப் பெண்கள் உலர்ந்த புடவை கொடுத்து, கஞ்சி கொடுத்து, தலையைத் துவட்டிவிட்டார்கள். பேச்சுவாக்கில் அவள் எந்த வீட்டில் இருந்தாள் என்று பாய் கேட்டார். சொன்னாள்.

"யா அல்லா, நான் குடியிருந்த வீடும்மா அது. ஃப்ரிட்ஜ் நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குதுங்க பாய். புளி வெச்சிருந்தேன்."

பாய் ஒரு தட்டில் சோறும் மீன்குழம்பும் போட்டு, தானே தாழ்வாரத்துக்கு எடுத்துக்கொண்டு போனாராம். மறுநாள் காலையில் ஊரில் ஒரு டிராக்டரைப் பிடித்து, மெயின் ரோடு வரைக்கும் அவளை ஏற்றி அனுப்பியதும் அவர்தான். அவள் கையெழுத்துப் போடும் வரைக்கும் வராதும் கூடவே இருந்திருக்கிறார். எனக்கு வந்த தூக்குச்சட்டியும் அந்த வீட்டுடையது.

புதன்கிழமை நானும் சாமான்களும் கிளியனூர் போய்ச் சேர்ந்தோம். பீரோவை மட்டும் அம்மனிடமே விட்டுவிட்டேன். தை பிறந்ததும், உப்பு வேலை தொடங்கும் முன்னே, வராது முதல் நடையாக அந்த ஃப்ரிட்ஜை ஏற்றிக்கொண்டு பாய் வீட்டில் இறக்கினார். வீட்டுக்கார அம்மாள் வண்டியின் பின்னாலேயே கத்திக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனாளாம். குவைத் பிளக்குக்கு என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. பாயும் எறும்பு ஏறாத பண்டங்களைத்தான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பிறகு லாரிகள் வந்தன. ரோடும் உயர்ந்தது. வீடு மாற்ற யாரும் கார்த்திகையைக் கண்டு பயப்படவில்லை. வராதுக்கு வேலை குறைந்தது. உப்பு நடை மட்டும் போய்க்கொண்டிருந்தார்.

ஆனால் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை சரோஜாவின் ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார். கிளிஞ்சல் கிழித்த கால், கண் எரிச்சல், இருமல், ஏதாவது ஒன்று. அஞ்சலைக்கு நோவு என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு வருவார். இரண்டு பஸ் மாறி வரவேண்டும். ஒருமுறை காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்திருந்தார். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

"ஏங்க, மரக்காணத்துலயே ஆஸ்பத்திரி இருக்குது. நர்ஸ் இருக்காங்க. இந்தக் காலை வெச்சிக்கினு இவ்வளவு தூரம் எதுக்கு வர்றீங்க?" என்றேன்.

அவர் என்னைப் புத்தி மட்டான ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அவங்கள நான் கொண்டாந்து வுடலீங்களே சார்."

சரோஜா உள்ளே ஊசியைத் தயார் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும், கொஞ்ச நேரம் திரும்பவே இல்லை. கட்டுப் போட்டு முடித்ததும், அவரைப் பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். இரண்டு பேரும் ஸ்டாப்பில் இருந்த புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். மாடுகளைப் பற்றி அவர் பேசினார். பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் திட்டினேன். இரண்டு பஸ் வந்து போனது. இரண்டிலும் இடம் இருந்தது.